கையொப்பம் பாட்டியுடையது, எழுத்து யாருடையது?

கடல் கடந்து வாழும் பேத்திக்குப் பட்டுப்பாவாடை அனுப்ப வேண்டும் என்று கூரியர் கடைக்கு வருகிறார் ஒரு பாட்டி. பெட்டியில் பாவாடை இருக்கிறது. பித்தளை விளக்கு இருக்கிறது. பருத்திச் சேலை இரண்டும் இருக்கின்றன. கடைக்காரர் கணினியைத் தட்டுகிறார், காகிதங்கள் வருகின்றன. "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்கிறார். பாட்டியும் போடுகிறார். அதில் எழுதியிருப்பது என்ன? 'அன்பளிப்பு; மதிப்பு ஐந்நூறு ரூபாய்' — அவ்வளவுதான்!

இது ஒரு செய்தியா என்று சிரிப்போர் இருக்கலாம். சிரிக்கட்டும்; பிறகு சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்! 1999-இல் மாண்ட்ரியல் நகரில் உருவான வான்வழிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் 2009-இல் சேர்ந்தது. 'ஏர்வே பில்' எனப்படும் விமானச் சரக்குச் சீட்டில் கண்ட விவரங்கள் சரியாக இருப்பதற்கு அனுப்புபவரே பொறுப்பு என்கிறது அது. அவர் கேட்டுக்கொண்டு சரக்கை ஏற்றிச் செல்வோரே சீட்டை எழுதினாலும், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, அனுப்புபவர் சார்பில் எழுதியதாகவே கொள்ளப்படும். எழுதுபவர் ஒருவர், ஏற்க வேண்டியவர் பாட்டி!

'அன்பளிப்பு' என்பது அனுப்பும் காரணமேயன்றி, பொருளின் பெயரன்று. 'பருத்திச் சேலை, இரண்டு' என்று எழுதுவதல்லவா முறை? பொருள், எண்ணிக்கை, உண்மை விலை, உற்பத்தியான நாடு ஆகியவற்றை இன்வாய்ஸ் சொல்ல வேண்டும். 1988 முதல் நடப்பிலிருக்கும் பன்னாட்டுச் சரக்குக் குறியீட்டின் ஆறு இலக்கங்களும் பொருந்த வேண்டும். சுங்க அதிகாரி பாட்டியின் பாசத்தையா பார்ப்பார்? காகிதத்தைத்தான் பார்ப்பார்! 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு அளித்து வந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்திய பிறகு, மதிப்பு என்ற கட்டத்தின் கனம் இன்னும் கூடியது. குறைத்து எழுதினால் வரி மிச்சம் என்பார்கள். ஐயம் எழுந்தால் பெட்டி தேங்கும்; தொலைந்தாலோ, "ஐந்நூறுதானே எழுதினீர்கள்?" என்ற கேள்வி எழும்!

"அயல்நாட்டு அதிகாரி தமிழ் படிப்பாரா?" என்று கேட்கலாம். படிக்க வேண்டாம், ஆங்கிலத்திலேயே நிரப்புங்கள். ஆனால், கையொப்பமிடுபவருக்குப் புரிய வேண்டாமா? 1874-இல் பெர்ன் நகரில் பிறந்த பன்னாட்டு அஞ்சல் சங்கத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு. அதன் சுங்கப் படிவ மாதிரியில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அமர்ந்திருக்கிறது. மதுரைப் பாட்டி அறியாத பிரெஞ்சுக்கு இடமுண்டு. அவர் அறிந்த தமிழில் ஒரு வரி விளக்கத்துக்கு இடமில்லையா?

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் சொல்லும் தமிழ்ப் பலகை ஒன்று கடைதோறும் தொங்கட்டும். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்கட்டும். சீட்டின் படி ஒன்று பாட்டியின் கைக்கு வரட்டும்.

அனுப்புவோருக்கும் ஒரு சொல்: பெட்டியை எடை போட்டால் மட்டும் போதாது, காகிதத்தையும் படித்துப் பாருங்கள். புரியாத இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள்!