தலைக்கவசம் தேர்ந்தெடுத்தல்

பாட்டொலியும் விளக்கும் உடன் அமைந்த சைக்கிள் தலைக்கவசங்கள் இன்று விற்பனையில் உள்ளன. மட்டாஞ்சேரி பஜார் ரோடு போன்ற குறுகிய தெருவில், சரக்கு லாரிகளுக்கிடையே செல்வோர் எதனைத் தேர்வது?

முதலில் நோக்கவேண்டுவது காப்பு. உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை, தான் நசுங்கி அடியைத் தாங்குகின்றது. ஆதலின், ஒருமுறை பலமாக மோதிய கவசம் மறுமுறைக்கு உதவாது. இ.என். 1078 என்னும் ஐரோப்பியத் தரக்குறி உளதா என்று பாருங்கள். புருவத்திற்கு இரண்டு விரல் மேலே, அசையாது அமர்தல் வேண்டும்.

அடுத்தது ஒலி. காதை அடைக்கும் கருவி ஆகாது. பின்னால் வரும் லாரியைக் கண் காணுமுன் அறிவிப்பது செவியே.

கவசத்தின் விளக்கு தலையோடு திரும்பும். எனவே சைக்கிளிலும் தனி விளக்கு வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளில் செல்வோருக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே, தலையைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே.