அழைப்பு யாருக்கு?

தமிழ் நூல் மரபில் அரங்கேற்றம் என்பது ஒரு சிறந்த வழக்கம். நூலை இயற்றியவன் அதைத் தன் வீட்டுப் பெட்டியிலே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அறிந்தோர் கூடிய அவையிலே படித்துக் காட்டினான். அவர்கள் தடை எழுப்பினர். இவன் விடை கூறினான். தொல்காப்பியம் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. இன்றைய அறிவியல் உலகில் அந்த அவையின் இடத்தைப் பெற்றிருப்பவை மாநாடுகள். அவற்றுள்ளும் கணினித்துறை மாநாடுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிற துறைகளில் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஆய்விதழ்களிலேயே வெளிவருகின்றன. கணினித்துறையிலோ, நல்ல மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்ட கட்டுரைக்கே பெருமதிப்பு உண்டு.

இம்மாநாடுகளை நடத்துவோர் ஆண்டுதோறும் "கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன" என்று அழைப்பு விடுக்கின்றனர். துறையின் அறிவிப்புப் பலகையிலும் மின்னஞ்சலிலும் இவ்வழைப்புகளை நாம் காண்கிறோம். கண்டும் காணாதவர்போல் கடந்து போகிறோம். "இது பேராசிரியர்களுக்கு வந்த அழைப்பு, நமக்கென்ன?" என்பதே நம்மில் பெரும்பாலோர் எண்ணம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், இதனால் தமிழுக்கு நேரும் இழப்பு சிறிதன்று என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலம் கடந்த பேச்சு

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். 'அப்பா', 'அன்பு' என்ற இரண்டு சொற்களில் அகராதியில் முன்னே நிற்பது எது? 'அப்பா' என்று பள்ளிச் சிறுவனும் சொல்லுவான். மெய்யெழுத்து வரிசையில் 'ப்' முன்னது. 'ன்' பதினெட்டிலும் கடைசி. ஆனால், தனி விதி எதுவும் சேர்க்காமல் எழுத்துகளின் எண்குறியை மட்டும் கொண்டு வரிசைப்படுத்துமாறு கணினியிடம் சொன்னால், அது 'அன்பு' என்பதை முன்னே வைக்கிறது. அவ்வாறே 'அவல்' என்ற சொல்லுக்கு முன்னே 'அழகு' வந்து நிற்கிறது.

இதற்குக் காரணம் என்ன? இந்திய மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண்குறி வகுக்கும் பணி 1980களில் நடந்தது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவான ஒரு சட்டகம் அமைக்கப்பட்டது. இஸ்கி என்னும் பெயருடைய அதனை 1991இல் இந்தியத் தர நிறுவனம் தன் தரமாக வெளியிட்டது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு, அதே 1991இல் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. அந்தச் சட்டகத்தின் வரிசை தேவநாகரி நெடுங்கணக்கைத் தழுவியது. ஆதலின் 'ந'வை அடுத்து 'ன', 'ர'வை அடுத்து 'ற', 'ள'வை அடுத்து 'ழ' என்று நம் எழுத்துகள் அமர்ந்தன. தமிழில் இல்லாத வல்லொலிகளுக்கு உரிய இடங்கள் வெற்றிடங்களாகவே நிற்கின்றன.

பின்னர்த் தமிழறிஞர் பலரும் கணினி வல்லுநர் பலரும் இதனைச் சுட்டிக்காட்டினர். ஆனால் யூனிகோடில் ஒரு விதி உண்டு: ஓர் எழுத்துக்கு ஒருமுறை கொடுத்த எண் பின்னர் மாற்றப்படுவதில்லை. மாற்றினால் அதுவரை எழுதி வைத்த ஆவணங்களெல்லாம் குழம்பிவிடும் அன்றோ? எனவே, அகராதி வரிசை வேண்டுமென்றால் அதற்கென்று தனி விதியை மென்பொருளில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நியாயமான பேச்சே ஆயினும், பந்தி முடிந்த பிறகு பேசினால் இலை விழுவதில்லை.

உரிய காலத்தில் கூடியதன் பயன்

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. அந்நாளில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விசைப்பலகை வைத்திருந்தனர். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் தட்ட இயலாது. சென்னை மாநாட்டின் பயனாக உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த ஒரு பொது விசைப்பலகை உருவாயிற்று. தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. அதுவே இன்று நம் கைப்பேசிகளிலும் கிடைக்கும் 'தமிழ்99'.

அடுத்த ஆண்டு, 2000 ஜூலையில், சிங்கப்பூரில் கூடிய மாநாட்டின்போது உத்தமம் என்று சுருக்கமாக வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பெற்றது. அதன் பின் கோலாலம்பூர் (2001), ஜெர்மனியின் கொலோன் (2009), கோயம்புத்தூர் (2010), பிலடெல்பியா (2011), சிதம்பரம் (2012), டொரண்டோ (2017), சென்னை (2019) என இம்மாநாடு ஊர் ஊராகச் சென்றது. ஒவ்வொரு முறையும் கட்டுரை அழைப்பு வந்தது. அனுப்பியவர் பேசினர், அனுப்பாதவர் பிறகு செய்தி படித்தனர்.

சென்னையும் சிங்கப்பூரும் நமக்குத் தொலைவு என்று டில்லி மாணவர் சொல்லக்கூடும். ஆனால் பெரிய மாநாடுகள் நம் வாயிலுக்கே வந்திருக்கின்றன. கணினி வலையமைப்பு ஆய்வாளரின் சிக்காம் மாநாடு 2010இலும், பெருந்தரவுத்தளம் பற்றிய வி.எல்.டி.பி. மாநாடு 2016இலும் புது டில்லியில் நடந்தன. 1981 முதல் நடந்துவரும் இந்தியக் கோட்பாட்டுக் கணினியியல் மாநாடு 2014இல் இங்கே கூடியது. பைத்தான் நிரல்மொழி அன்பர்களின் இந்திய மாநாடு 2016இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்தது. அதற்கு ரயில் கூட ஏற வேண்டியதில்லை, பஸ் போதும்.

அழைப்பைப் படிக்கும் முறை

அழைப்பு அறிக்கை நீளமாக இருப்பதைக் கண்டு மருள வேண்டா. அதில் முக்கியமாகக் காண வேண்டியவை நான்கு: எப்பொருள் பற்றி எழுதலாம்? எத்தனை பக்கம்? எந்நாளுக்குள்? கட்டுரையாளர் பெயரை எழுதலாமா, மறைக்க வேண்டுமா?

நான்காவது கேள்வி புதியவர்க்கு வியப்பாக இருக்கும். பல மாநாடுகளில் கட்டுரையை மதிப்பிடுவோருக்கு எழுதியவர் பெயர் தெரிவதில்லை. எழுதியவருக்கும் மதிப்பிட்டவர் பெயர் தெரிவதில்லை. புகழ்பெற்ற பேராசிரியரின் கட்டுரையும் இரண்டாம் ஆண்டு மாணவியின் கட்டுரையும் அங்கே ஒரே தராசில் ஏறுகின்றன. பெயருக்காக அன்றிப் பொருளுக்காகவே மதிப்பு என்ற இந்த முறையினால் மிகுந்த நன்மை அடையக்கூடியவர் மாணவரே.

கடைசி நாளைப் பற்றியும் ஒரு குறிப்பு. 'உலகில் எங்கேனும்' அந்நாள் முடியாதிருக்கும் வரை அனுப்பலாம் என்று சில அழைப்புகள் கூறும். உலகிலேயே கடைசியாக நாள் முடியும் நேரமண்டலத்தைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. நம் கணக்கில் அது மறுநாள் மாலை 5.29 மணி வரை ஆகும். இதை அறியாமல் முந்தின நள்ளிரவிலேயே முயற்சியைக் கைவிடுவோர் உண்டு. அதற்காக மறுநாள் மாலை வரை காத்திருப்பதும் அறிவுடைமை ஆகாது.

எதை எழுதுவது?

"நான் இலக்கிய மாணவன், எனக்குக் கணினி நிரல் தெரியாதே!" என்பார் சிலர். அவர்க்கும் இடம் உண்டு. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் புணர்ச்சியில் எங்கே இடறுகிறது என்பதை இலக்கணம் பயின்றவரே நன்கு சொல்ல முடியும். இந்தியும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் டில்லித் தமிழரின் பேச்சை எழுத்தாக மாற்றும்போது இயந்திரம் எதைத் தவறவிடுகிறது என்பது நல்லதோர் ஆய்வுப் பொருள். நூறு வாக்கியங்களைப் பொறுமையோடு சோதித்து, பிழைகளை வகைப்படுத்தி எழுதினாலும் அது ஆய்வே.

நிரல் எழுதத் தெரிந்தவர்க்கு வேறொரு வழியும் உண்டு. திராவிட மொழிகளுக்கான மொழித்தொழில்நுட்பப் பயிலரங்கு 2021இல் ஐரோப்பியக் கணினி மொழியியல் மாநாட்டோடு இணைந்து தொடங்கியது. அதில் பொதுப் போட்டிகள் வைத்தனர். ஆங்கிலம் கலந்த தமிழில் எழுதிய வசைக் குறிப்புகளைக் கண்டறிவது அவற்றுள் ஒன்று. தரவை அவர்களே தருவர்; தீர்வை நாம் செய்து, செய்த முறையைக் கட்டுரையாக எழுதி அனுப்ப வேண்டும். முதன்முறை எழுதுவோர்க்கு இது நல்ல பயிற்சிக் களம்.

சுருக்கம் எழுதும்போது நான்கு வாக்கியங்களை முதலில் வரைந்துகொள்ளுங்கள்: சிக்கல் யாது, பிறர் இதுவரை செய்தது யாது, நான் செய்தது யாது, கண்டது யாது. மற்றவை இவற்றின் விரிவே. அனுப்புமுன் வேறு துறை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் நின்ற இடத்தில் மதிப்பீட்டாளரும் நிற்பார்.

கட்டுரை திரும்பி வந்தால் சோர்வு வேண்டா. அதனோடு மதிப்பீட்டாளர் குறிப்புகளும் வருகின்றன. முன்பின் அறியாத இரண்டு மூன்று அறிஞர் நம் எழுத்தை வரி வரியாகப் படித்து, ஒரு காசும் பெறாமல் குறை சொல்வது எவ்வளவு பெரிய கல்வி! திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்பலாம்.

போலிகளும் உண்டு

ஓர் எச்சரிக்கையும் தேவை. அனுப்பிய இரண்டாம் நாளே "ஏற்கப்பட்டது" என்று பாராட்டி, உடனே பணம் கட்டச் சொல்லும் கூட்டங்கள் உள்ளன. வேளாண்மை முதல் விண்வெளி வரை எல்லாப் பொருளுக்கும் ஒரே மாநாடு என்றால் ஐயுறுங்கள். சென்ற ஆண்டுகளின் கட்டுரைத் தொகுதி கிடைக்கிறதா, மதிப்பீட்டுக் குழுவில் உள்ளோர் தம் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கங்களில் அதைக் குறிப்பிடுகின்றனரா என்று பாருங்கள். ஆசிரியர் ஒருவரைக் கேட்டால் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

கட்டுரை இல்லாதவரும் மாநாட்டுக்குச் செல்லலாம். மாணவர்க்குக் குறைந்த கட்டணம் பெரும்பாலும் உண்டு. சில மாநாடுகள் பயண உதவி தருகின்றன. சில, தொண்டராகப் பணிபுரியும் மாணவர்க்குக் கட்டணத்தையே தள்ளிவிடுகின்றன. உதவிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், கட்டுரையின் கடைசி நாளினின்றும் வேறாக இருக்கும். அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மாநாடு என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். பேச வேண்டியதை ஒத்திகை பார்க்க அந்தப் பகல் போதும்.

நண்பர்களே! தமிழ் கணினியில் எப்படி எழுதப்படும், எப்படித் தேடப்படும், எப்படிப் பேசப்படும் என்பவை ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஓர் அறையில் விவாதிக்கப்படுகின்றன. அந்த அறையின் கதவு பூட்டப்படவில்லை. கட்டுரை அழைப்பு என்பதே அதன் திறந்த கதவு. இவ்வாரம் வரும் அழைப்பு ஒன்றை முழுதும் படியுங்கள். மூவராகச் சேர்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். நாள் முடியுமுன் அனுப்பிவிடுங்கள்.