பன்னிரண்டு முறை குளிக்கும் மண்!

கோடையில் தஞ்சை வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடு மேய்க்கும் சிறுவன் வெடிப்பில் கோலை விட்டால், கோல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் வந்ததும் மண் உப்பும், வெடிப்பு மூடிக்கொள்ளும். ஜனவரி 28-ந் தேதி அணையை மூடுவார்கள். அதன்பிறகு மண் காயும், சுருங்கும், மறுபடி வெடிக்கும்.

வயலுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் அதே மண்ணின் மேல்தான் வீடு நிற்கிறது, ரோடும் போகிறது. வீட்டுச் சுவர் கோணலாகப் பிளக்கிறது. ரோடு மேடும் பள்ளமும் ஆகிறது. நெல் மூட்டை ஏற்றிய வண்டி நடுவழியில் அச்சு முறிந்து நின்று, அந்த நேரம் பார்த்து மழையும் வந்தால், ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு நனைந்துவிடும்.

மண்ணுக்கு மருந்து

இதற்கு மருந்து உண்டு. சுண்ணாம்புதான் அது! கும்பகோணம் வெற்றிலைக்கு மட்டுமல்ல, களிமண்ணுக்கும் சுண்ணாம்பு வேண்டும்.

களிமண் என்பது மிக மெல்லிய தகடுகளால் ஆனது. புத்தகத்தின் ஏடுகளைப்போல அவை அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் அந்த ஏடுகளுக்கு நடுவே புகுவதால்தான் மண் உப்புகிறது. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் தகடுகளைக் கூட்டிப் பிடிக்கிறது. வழுக்கும் களி, பொலபொலப்பாக மாறிவிடுகிறது. பிறகு, ஈரம் காயாமல் வைத்திருந்தால், வாரக்கணக்கில் மெள்ள மெள்ள சிமெண்டு போன்ற ஒரு பசை உண்டாகி மண் இறுகுகிறது.

மண்ணில் சிமெண்டையே கலப்பதும் உண்டு. 1935-ல் அமெரிக்காவில், தெற்கு கரோலினாவில் உள்ள ஜான்சன்வில் அருகே இப்படி ரோடு போட்டார்கள்.

கடுமையான பரீட்சை

இறுகிய மண் எத்தனை வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கும்? காத்திருந்து பார்க்க ஆயுள் போதாது. அதனால் இஞ்சினீயர்கள் ஒரு பரீட்சை வைத்தார்கள். இந்தியாவில் அதற்கான விதிமுறை 1968-ல் வெளியானது.

சிமெண்டு கலந்த மண்ணைக் கட்டியாக இடித்து, 7 நாள் ஈரத்தில் வைக்கிறார்கள். பிறகு 5 மணி நேரம் தண்ணீரில் முக்குகிறார்கள். எடுத்து, 42 மணி நேரம் சுமார் 70 டிகிரி சூட்டில் உலர்த்துகிறார்கள். கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்க்கிறார்கள். இப்படி 12 முறை! ஏறக்குறைய 24 நாளில் 12 வெள்ளமும் 12 கோடையும் வந்துபோகின்றன. உதிர்ந்தது எவ்வளவு என்று கடைசியில் எடை போடுகிறார்கள். களிமண் என்றால் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் உதிரக்கூடாது என்பது அமெரிக்கச் சிமெண்டுச் சங்கத்தின் கணக்கு.

மருந்தும் சலிக்கும்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சி 2001-ல் வெளியானது. சுண்ணாம்பு கலந்த களிமண்ணைத் திரும்பத் திரும்ப நனைத்துக் காயவைத்தபோது, மருந்தின் பலனில் ஒரு பகுதி போய்விட்டது!

ஏன்? காயும்போது மண்ணில் மயிரிழை போன்ற கீறல் விழுகிறது. அடுத்த முறை தண்ணீர் அந்தக் கீறல் வழியே நேராக உள்ளே போகிறது. ஒட்டிய இடம் விட்டுப்போகிறது. முதல் நாள் கல்லாக இருந்தது என்று நம்பி ஏமாறக்கூடாது! சுண்ணாம்பில் சிக்கனம் பிடித்தால் சங்கடம் சீக்கிரமே வரும்.

வாய்க்கால் ஓர ரோட்டில் முதலில் கெடுவது ஓரம்தான். நனைவதும் காய்வதும் அங்கேதான் அதிகம். எனவே மருந்திட்ட மண்ணை ரோட்டின் அகலத்துக்கு வெளியேயும் சற்று நீட்டிப் போடுவது நல்லது. பக்கத்தில் வடிகாலும் வேண்டும். வீட்டைச் சுற்றியும் அப்படியே. கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வெளியே ஓட வேண்டும்.