சுவாசத் தொற்றுகளில் தேவையற்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தவிர்த்தல்

நுண்ணுயிர் எதிர்ப்பி (ஆன்டிபயாடிக்) என்பது பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தாகும். இது வைரசுகளின் மீது செயல்படாது. சளிக்காய்ச்சல், இன்ஃபுளுவென்சா, குறுங்கால மூச்சுக்குழாய் அழற்சி ஆகியவை பெரும்பாலும் வைரசுகளால் உண்டாகின்றன. எனினும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இவற்றுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் எழுதித் தரப்படுவது பல நாடுகளில் காணப்படுகிறது.

காரணங்கள்

அவசரப் பிரிவில் கூட்டம் மிகுதி; நேரம் குறைவு. மருத்துவர் பெரும்பாலும் அந்நோயாளியை முதன்முறையாகப் பார்க்கிறார். உசிலம்பட்டி போன்ற ஊர்களுக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாள் கூலி இழப்பு. அவர் மீண்டும் வருவாரா என்பது தெரியாது. நிமோனியாவைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சமும், "ஊசி, மாத்திரை" வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் மருந்துச் சீட்டைத் தீர்மானிக்கின்றன.

தீமைகள்

வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை ஆகியவை உடனடித் தீமைகள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுவது நீண்டகாலத் தீமை. சென்னை உள்ளிட்ட இடங்களின் மாதிரிகளில் என்டிஎம்-1 என்னும் எதிர்ப்புத் தன்மை கண்டறியப்பட்டதை 2010-இல் வெளியான ஆய்வு உலகிற்கு அறிவித்தது. 2019-இல் மருந்து எதிர்ப்புத் தொற்றுகளே நேரடிக் காரணமான இறப்புகள் உலகளவில் சுமார் 12.7 இலட்சம் என மதிப்பிடப்பட்டுள்ளது.

வேறுபடுத்தி அறிதல்

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பது மட்டும் பாக்டீரியாத் தொற்றுக்குச் சான்றாகாது. இருமல் 2 முதல் 3 வாரம் நீடிப்பதும் இயல்பே. மூச்சு வேகம், ஆக்சிசன் அளவு, நெஞ்சொலி ஆகியவையே முதலில் பார்க்க வேண்டியவை. இருமல் உள்ள குழந்தைக்கு நிமிடத்திற்கு 50 (2 முதல் 11 மாதம்) அல்லது 40 (1 முதல் 5 வயது) மூச்சுகளும் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவை ஐயுற வேண்டும். தொண்டை வலிக்கு 1981-இல் வெளியான சென்டார் அளவுகோல் உதவுகிறது. காய்ச்சல், டான்சிலில் வெண்படலம், கழுத்தின் முன்புறத்தில் வலியுடன் வீங்கிய நிணநீர்க்கணு, இருமல் இல்லாமை என்பன அதன் 4 கூறுகள்.

இந்திய முயற்சிகள்

* 2012: பல மருத்துவ அமைப்புகள் கூடி "சென்னை பிரகடனம்" என்னும் செயல்திட்டத்தை உருவாக்கின.
* 2014: எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. இதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைகள் மருத்துவர், நோயாளி, மருந்து விவரங்களைப் பதிந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.
* 2023 மார்ச்: சாதாரண இருமல், காய்ச்சலுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ சங்கம் கேட்டுக்கொண்டது.
* 2024 சனவரி: இம்மருந்துகளை எழுதும்போது காரணத்தையும் குறிப்பிடுமாறு நடுவண் அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் மருத்துவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது.

மருத்துவமனை வழிமுறைகள்

காரணத்தை எழுதவைப்பதும், ஒரு மருத்துவரின் எழுத்து வழக்கத்தை மற்றவர்களுடன் ஒப்பிட்டு அவருக்கே தெரிவிப்பதும் பயன் தருவதாக அமெரிக்க முதன்மை மருத்துவ நிலையங்களில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. "மருந்து இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. நோய் எத்தனை நாள் இருக்கும், காய்ச்சலுக்கு என்ன செய்யலாம், மூச்சுத்திணறல், உணவு உட்கொள்ள இயலாமை, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் போன்ற எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்ப வேண்டும் என்பவற்றையும் கூற வேண்டும்.

நிமோனியா, குருதி நச்சுத் தொற்று போன்றவற்றுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி தாமதமின்றித் தரப்பட வேண்டும். அந்நேரத்தில் அம்மருந்து பலனளிக்க வேண்டுமென்பதே தேவையற்ற பயன்பாட்டைக் குறைப்பதன் நோக்கம் ஆகும்.