ஆறே நொடி அனல்!

கறுப்பு டி-ஷர்ட்டில் மஞ்சளும் சிவப்புமாகப் பாய்கிறதே ஒரு புலி, அது எப்படி அங்கே ஏறியது தெரியுமா? வாங்க, திருப்பூர் பிரிண்டிங் பட்டறை ஒன்றுக்குள் எட்டிப் பார்த்துவிடுவோம்!

அடேங்கப்பா, என்ன வேகம்! ஆட்டோமேட்டிக் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேலட் எனும் ஒவ்வொரு பலகையிலும் பசையால் ஒட்டிய, இன்னும் தைக்காத கட்டிங் பீஸ். கறுப்பின் மேல் மஞ்சளை நேரடியாக அடித்தால் நிறம் செத்துவிடும். அதனால் முதலில் வெள்ளை பேஸ். ஸ்கிரீனின் மெஷ் வலை வழியே இங்கைத் தள்ளும் ரப்பர் பட்டைதான் ஸ்க்வீஜி; அதில் ஒரே இழுப்பு, வெள்ளைப் புலி ரெடி! ஆனால் ஈரம். இப்படியே அடுத்த ஸ்கிரீன் இறங்கினால் வெள்ளை அதன் அடியில் அப்பிக்கொள்ளும்.

இப்போது வருகிறார் நம் ஹீரோ, ஃபிளாஷ் எனும் சூடேற்றி! துணிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே குவார்ட்ஸ் விளக்குகள் தகதகக்கின்றன. ஒன்று, இரண்டு... ஆறு நொடி. இங்கின் ஈரப் பளபளப்பு கண்ணெதிரே மங்குகிறது. ஆபரேட்டர் விரல் வைத்துப் பார்க்கிறார். லேசான பிசுபிசுப்பு, ஆனால் விரலில் துளி வெள்ளை இல்லை. சபாஷ், இதுதான் பதம்!

இனிதான் ரகசியமே. அந்த இங்க் இன்னும் முழுசாக வேகவில்லை, வேகவும் கூடாது! வழக்கமான பிளாஸ்டிசால் இங்க் 105 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இறுகி, 160 டிகிரி வாக்கில்தான் முழுதாக வேகும். அந்த வேலை கடைசியில் வரும் கன்வேயர் டிரையருக்கு. ஃபிளாஷிலேயே வேகவைத்துவிட்டால் மேலே விழும் கலர் பிடிக்காது, துவைத்தால் உரியும்.

இன்னொன்று கேளுங்கள். தோசைக்கல் மாதிரிதான் பேலட்டும்: முதல் தோசைக்கு நேரம் பிடிக்கும், சூடேறிவிட்டால் சடசடவென்று ஆகும். ஆறு நொடியை மெல்ல மெல்ல நாலாகக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் பேலட் கொதித்து, அடுத்த ஸ்கிரீனின் மெஷ்ஷிலேயே இங்க் இறுகி அடைத்துக்கொள்ளும். ஃபிளாஷுக்கு அடுத்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்களே, பீஸ் சற்று ஆறட்டும் என்றுதான்!

எல்லாவற்றையும்விட அசத்தல் இதுதான்: ஐந்து கலருக்கு ஒரே ஒரு ஃபிளாஷ்! பேஸ் இறுகியதும் மற்ற கலர்கள் ஈரத்தோடு ஈரமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இறங்கிவிடுகின்றன. ஸ்கிரீனை விறைப்பாக இழுத்துக் கட்டி வெள்ளையை மெல்லிசாக அடித்தால் இறுகும் நேரமும் குறையும். மெஷினின் வேகத்தைத் தீர்மானிப்பதே ஃபிளாஷ் நேரம்தான். பீஸுக்கு இரண்டே நொடி மிச்சம் என்றாலும் ஆயிரம் பீஸில் அரை மணிக்கு மேல் லாபம்!

அடுத்த முறை கறுப்பு டி-ஷர்ட் வாங்கும்போது மஞ்சளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். அடியிலுள்ள வெள்ளை கொஞ்சமும் எட்டிப் பார்க்கவில்லையா? தாராளமாக மெச்சலாம், அடித்தவர் கைதேர்ந்தவர்!