கேன்சர் சிகிச்சையா? தோலையும் கொஞ்சம் கவனிங்க!

‘‘உசிர் பிழைச்சாப் போதும். இந்த நேரத்துல தோலுக்கு க்ரீம் ஒண்ணுதான் கேடு!’’

கேன்சர் வந்த வீடுகளில் சகஜமாகக் காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் பெரும்பாலும் நோயாளியேதான். வீட்டில் பணம் தண்ணீராய்ச் செலவாகிறது, இதில் நம் முகத்துக்கும் கைக்கும் வேறு செலவா என்ற கூச்சம்.

ஆனால், தோல் பராமரிப்பு இங்கே அழகுக்கான விஷயம் மட்டுமல்ல. ரேடியேஷன் கொடுத்த இடம் புண்ணாகிப்போனால், ‘‘இந்த வாரம் வேணாம், ஆறட்டும்’’ என்று நோயாளியே நின்றுவிடுகிறார். அங்கேதான் ஆபத்து. தலை, கழுத்துப் பகுதி கேன்சரிலும் கர்ப்பப்பை வாய் கேன்சரிலும், சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது என்று டாக்டர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நாள் நின்றால் என்னவாகும்? யோசித்துப் பாருங்கள். தோலைக் காப்பாற்றுவது சிகிச்சையைக் காப்பாற்றுவதுதான்!

கரண்ட் வைக்கிற நாட்களில்...

ரேடியேஷனை நம் மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள். கேன்சரைப் பொறுத்து மூன்று வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை நீளும். முதல் வாரத்தில் தோலில் ஒன்றும் தெரியாது. ‘நமக்கு ஒண்ணும் ஆகலை’ என்று அலட்சியமாக இருந்துவிடுவோம். இரண்டு, மூன்று வாரத்தில் அந்த இடம் சிவந்தோ கறுத்தோ போகும், அரிக்கும், உரியும். கரண்ட் முடிந்த பிறகும் ஓரிரு வாரம் வரை அதிகமாகி, அப்புறம்தான் தணியும். ஆகவே, கவனிப்பை முதல் நாளே ஆரம்பித்துவிட வேண்டும்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் உள்ள களமருதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த ஊர். இந்தப் பக்கத்து மக்கள் புற்றுநோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வெயில், வியர்வை, ஜன்னலோரச் சூடு, இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட்... கரண்ட் வைத்த தோலுக்கு இவ்வளவும் எதிரி. வெயில் படாத பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். தொளதொளப்பான பழைய பருத்தித் துணிதான் சிறந்த டிரஸ். குடை அவசியம்.

குளிக்கலாமா? ‘கரண்ட் வெச்ச இடத்துல தண்ணியே படக்கூடாது’ என்பது பழைய பேச்சு. வெதுவெதுப்பான தண்ணீரில், மென்மையான சோப்பால் கழுவுவதால் கெடுதல் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீயக்காய், கடலை மாவு, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பது மட்டும் கூடாது. துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். டெக்னீஷியன் வரைந்த மைக்கோடுகளை அழித்துவிடாதீர்கள். குளியல் பற்றி உங்கள் மருத்துவமனை தனியாக ஏதும் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள்.

வாசனையில்லாத மாய்ஸ்சரைஸரை மெல்லியதாகத் தடவலாம். ஆனால் கரண்ட் வைக்கப் போகும்முன் க்ரீமோ எண்ணெயோ கனமாகப் பூசிக்கொண்டு போகக்கூடாது. அந்தக் கனமான படலத்தால் மேல்தோலில் கதிர்வீச்சு கூடுதலாக விழும். அரிப்பும் சிவப்பும் அதிகமானால் டாக்டர் ஸ்டீராய்டு க்ரீம் எழுதித் தருவார். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கழுத்தில் கரண்ட் வைக்கும் ஆண்கள் பிளேடு ஷேவிங்கை நிறுத்திவிட்டு எலெக்ட்ரிக் ஷேவருக்கு மாறுவது நல்லது.

தாலிக்கயிறு பிரச்னை

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சங்கடம் இது. மார்பகத்துக்கும் கழுத்துக்கும் கரண்ட் வைக்கும்போது, மஞ்சள் தேய்த்த தாலிக்கயிறு வியர்வையில் ஊறி, கழுத்தை அறுத்துப் புண்ணாக்கிவிடும். வலியைப் பொறுத்துக்கொள்வார்களே தவிர, கழற்ற மாட்டார்கள். ‘கழட்டினா வீட்டுக்காரருக்கு ஆகாது’ என்ற பயம். இந்த நேரத்தில் மாமியாரோ அம்மாவோ கணவரோ தாமாக முன்வந்து, ‘‘கொஞ்ச நாளைக்குச் சாமி படத்துக்கிட்ட வெச்சிடும்மா, உடம்பு சரியானதும் போட்டுக்கலாம்’’ என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் மனப்பாரம் பாதி இறங்கிவிடும். அடிவயிற்றில் கரண்ட் வைப்பவர்களுக்கு இதே தொல்லை பாவாடை நாடாவால் வரும். இடுப்பில் இறுக்கிக் கட்டாமல், நைட்டி போட்டுக்கொள்ளட்டும்.

மஞ்சள் பூசலாமா?

நம் ஊரில் முதலில் வரும் கேள்வியே இதுதான். சுவாரஸ்யமான சேதி: மங்களூரில் தலை, கழுத்து கேன்சர் நோயாளிகள் 50 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2014-ல் வெளியானது. சந்தன எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த ரெடிமேட் க்ரீமைப் போட்டவர்களுக்கு, பேபி ஆயில் போட்டவர்களைவிடத் தோல் பாதிப்பு குறைவாக இருந்தது. ‘அதான் நாங்க அப்பவே சொன்னோமே’ என்று அம்மியைத் தேடாதீர்கள்! அவர்கள் போட்டது க்ரீம். நாம் அரைத்துப் பூசும் விழுது காய்ந்து, தோலை இழுத்து, வெடிக்க வைக்கும். அதைத் தேய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். தவிர, இது சிறிய ஆய்வுதான். ஆகவே க்ரீமானாலும் டாக்டரைக் கேட்டே போடுங்கள்.

கல்வராயன் மலைத் தேன், பச்சிலை, தைலம் என்று அன்போடு கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. புண்ணுக்கு மருத்துவமனையில் போடும் தேன், கிருமி நீக்கித் தயாரிக்கப்பட்டது. மலையிலிருந்து வரும் தேன் அப்படியல்ல. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில், திறந்த புண்ணில் அதைத் தடவுவது விபரீதம்.

‘‘ஏன் இப்படிக் கறுத்துப் போயிட்டே?’’

கீமோதெரபி எடுப்பவரைப் பார்க்க வரும் விருந்தாளி, தயவுசெய்து இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். சில மருந்துகளால் முகம், கை, நகம் எல்லாம் கறுக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே தெளியும். அவசரப்பட்டு சிகப்பழகு க்ரீம் வாங்கினால் வினைதான். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. வெளியே போகும்போது குடையும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன் ஸ்கிரீனும் போதும்.

கெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற நுரையீரல் கேன்சர் மாத்திரைகளால் முகத்தில் பரு மாதிரி பொரிப்பொரியாக வரும். அது பரு அல்ல; பரு க்ரீம் போட்டால் தோல் இன்னும் காய்ந்து எரியும். டாக்டரிடம் காட்டினால் அதற்கென்று மருந்து இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேபசிடபின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, வெடிக்கலாம். யூரியா கலந்த க்ரீம் உதவும். டெல்லி எய்ம்ஸில் 264 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல செய்தி சொன்னது. மூட்டுவலிக்குத் தடவுகிறோமே, அந்த டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கைகளில் தடவி வந்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் இந்தத் தொல்லை கடுமையானது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் அது 15 சதவீதம். எல்லோருக்கும் டைக்ளோஃபெனாக் ஒத்துக்கொள்ளாது. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள். சுடுதண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது, இறுக்கமான செருப்பு இரண்டுக்கும் கொஞ்ச நாள் லீவு!

பார்லர் போகலாமா?

தாராளமாகப் போகலாம், நாள் பார்த்து! ராகுகாலம், எமகண்டம் அல்ல, ரத்த டெஸ்ட் பார்த்து. கீமோ ஏற்றியதிலிருந்து ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது த்ரெடிங், வேக்ஸிங், நகத்தோரச் சதையை வெட்டும் மேனிக்யூர் எதுவும் வேண்டாம். சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல். அடுத்த கீமோவுக்குச் சற்று முன், டாக்டர் சரி என்ற பிறகு, மென்மையான க்ளென்ஸிங், நகம் சீவுதல், புருவம் வரைதல் செய்துகொள்ளலாம். ப்ளீச், ஸ்க்ரப், ஸ்டீம், ஹேர் டை வேண்டாம். மருதாணி ஆசையா? இலை அரைத்து வையுங்கள், கறுப்பாகப் பிடிக்கும் கோன்களில் கெமிக்கல் இருக்கும்.

அமெரிக்காவில் 1989-ல் ‘லுக் குட் ஃபீல் பெட்டர்’ என்றொரு திட்டம் தொடங்கினார்கள். புருவம் உதிர்ந்த, முகம் வெளிறிய கேன்சர் நோயாளிகளுக்கு இலவசமாக மேக்கப் கற்றுத் தருவதுதான் வேலை. கண்ணாடியைப் பார்க்கும் தைரியம் வந்தாலே மனசு தெம்பாகிறது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

மசாஜ் செய்தால் கேன்சர் பரவுமா?

மெதுவாகத் தடவிவிடுவதால் பரவாது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மசாஜ் செய்துகொண்ட 1,290 நோயாளிகளைப் பற்றி 2004-ல் எழுதினார்கள். வலி, சோர்வு, பதற்றம் போன்றவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். மசாஜ் செய்யாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. நோயைக் குணமாக்கும் என்றும் அர்த்தமில்லை. ஆறுதல் தரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறுதல் சின்ன விஷயமா?

கட்டி உள்ள இடம், கரண்ட் வைத்த இடம், ஆபரேஷன் தழும்பு, மருந்து ஏற்றும் போர்ட் பக்கம் கை போகக்கூடாது. எலும்புக்குப் பரவியவர்களுக்கும், பிளேட்லெட் குறைந்தவர்களுக்கும் அழுத்திப் பிடிக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவிவிடாதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். ஸ்பாக்களின் நீராவிக் குளியல், சூட்டுக்கல், உழிச்சல், பிழிச்சல் எல்லாம் சிகிச்சை முடியும்வரை வேண்டாம்.

மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்க வாய்ப்புண்டு. வீங்கிய கையை எண்ணெய் போட்டு உருவக்கூடாது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேறு முறையில் வடியச் செய்வார். கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக் காட்டு வேலை அதிகம். தோகை கிழித்த கீறலில் கிருமி ஏறினால் வீக்கம் கூடிவிடும். அந்தக் கைக்கு முழுக்கைச் சட்டை கட்டாயம். இறுக்கமான வளையலும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு? ஸ்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும், புண் இல்லாத பாதத்தில் தேங்காயெண்ணெய் தொட்டு, மகளோ கணவரோ பத்து நிமிஷம் மெதுவாகத் தடவிவிடட்டும்.

உடனே டாக்டரிடம் போங்க!

* கீமோ எடுக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அது நடுராத்திரியானாலும் சரி.

* கரண்ட் வைத்த இடத்தில் கொப்புளம், நீர்க்கசிவு, சீழ், துர்நாற்றம் இருந்தால்.

* மருந்து ஏறும்போதே ஊசி குத்திய இடம் எரிந்தால், வீங்கினால். பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

* உடம்பெங்கும் தடிப்போ, வாய்க்குள் புண்ணோ திடீரென வந்தால்.

* ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை சிவந்து, சூடாகி, வீங்கினால்.

‘தோல்தானே’ என்று அடுத்த செக்கப் வரைக்கும் ஒத்திப்போடாதீர்கள். ஆரம்பத்திலேயே காட்டினால் பெரும்பாலும் ஒரு க்ரீமோடு சரியாகிவிடும். சிகிச்சையும் ஒரு நாள்கூட நிற்காது.