ஆறாத புண்ணும் அடங்காத நொதியமும்

"சீனி வருத்தக்காரருக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறாது" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். 2005-2006 காலப்பகுதியில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வொன்று, 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. கண்டியிலும் அக்குறணை, மடவளைப் பக்கங்களிலும் எனக்குத் தெரிந்த வீடுகளில் இந்த வருத்தம் இல்லாத வீடு குறைவு. ஆனால் புண் ஏன் ஆறுவதில்லை? உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான் தேடிப் படித்தபோது, விடையின் முக்கியமான ஒரு பகுதி ஒரு நொதியத்தில் இருப்பதை அறிந்தேன்.

தோலுக்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். வெடித்த சுவருக்குப் புதுச் சாந்து பூசுமுன் மேசன் பழைய சாந்தைச் சுரண்டி எடுப்பார். அதுபோலவே காயத்தில் பழுதடைந்த இழையம் அகற்றப்பட்ட பின்புதான் புதிய தோல் சரியாக வளரும். அதற்கு உதவுபவை 'எம்எம்பி' எனப்படும் நொதியக் குடும்பத்தினர். இவை நாகம் என்ற கனியத்தின் துணையோடு புரதங்களை வெட்டுகின்றன. இக்குடும்பத்தின் முதல் நொதியத்தை 1962 இல் ஜெரோம் குரோஸ், சார்ள்ஸ் லாபியேர் ஆகியோர் வாற்பேத்தையின் வாலில் கண்டறிந்தனர். வாற்பேத்தை தவளையாகும்போது வால் மறைவதில் இந்த வெட்டும் வேலைக்குப் பங்குண்டு.

சுகதேகியின் காயத்தில் எம்எம்பி-9 என்ற நொதியம் கூடிப் பின்னர் குறைந்துவிடும். அதைக் கட்டுப்படுத்தும் புரதங்களும் உடலிலேயே உள்ளன. நீரிழிவுப் புண்ணில் அழற்சி தணியாமல் நீடிக்கிறது. அதனால் நொதியம் மிகுந்து, கட்டுப்படுத்தும் புரதம் குறைகிறது. மேசன் பூசப் பூசப் பக்கத்தில் ஒருவர் சுரண்டிக்கொண்டே இருந்தால் சுவர் எப்போது முடியும்?

அப்படியானால் இக்குடும்பம் முழுவதையும் அடக்கிவிடலாமா? அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் மேலண்ட் சாங், ஷஹ்ரியார் மொபாஷரி குழுவினர் நீரிழிவுள்ள சுண்டெலிகளின் காயங்களை ஆராய்ந்தனர். எம்எம்பி-8 காயம் ஆற உதவுவதையும் எம்எம்பி-9 அதைத் தடுப்பதையும் கண்டனர். 9 ஐ அடக்கி, 8 ஐ மேலதிகமாகக் கொடுத்தபோது காயம் விரைவாக ஆறியதாக 2015 இல் அறிவித்தனர். ஒரே குடும்பத்தில் ஒன்று உதவுகிறது, மற்றொன்று கெடுக்கிறது.

நொதியம் மட்டுமே காரணமல்ல. நீரிழிவில் குருதிக் குழாய்கள் ஒடுங்குவதால் பாதத்துக்குப் போதிய குருதி செல்வதில்லை. நரம்புகள் பழுதடைவதால் வலியும் தெரிவதில்லை. என் உம்மும்மாவின் கால்விரலில் செருப்பு வார் உரசிய புண், வீட்டில் யாருக்கும் தெரியாமலே பெரிதானது. "நோவில்லயே மகள்" என்று சொல்லி இரண்டு கிழமை மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கிளினிக்கில் மருந்து கட்டி, சீனியும் கட்டுப்பாட்டுக்கு வந்த பின்னரே மிகுதிப் புண் ஆறியது.

சகோதரிகளே, வுழூ செய்யும்போது நாளுக்கு ஐந்து வேளை பாதங்களைக் கழுவுகிறோம். அந்த நேரமே பாதத்தைப் பார்க்கவும் நல்ல நேரம். உங்கள் வீட்டு மூத்தவர்களின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் தினமும் பாருங்கள், ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். சிறு கொப்புளம் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். "வலிக்கவில்லை" என்று அவர்கள் சொன்னால், அதையே முதலாவது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.